பிடிப்பவனை யார் பிடிப்பது?

திருகோணமலை டச்சுபே கடற்கரையில் வெயில் தணிந்ததும், மணலில் காலால் கோடு கீறிவிட்டுப் பொடியன்கள் கபடி ஆடுவார்கள். பாடிப் போகிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் ஒரு மாலை இடது மூலையில் நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயது இருக்கும். பாடி வந்தவன் கையை வீசினான், தோளைச் சரித்தான், தலையால் ஏய்த்தான். இவன் கண் அவனுடைய இடுப்பை விட்டு அசையவில்லை. தலை பொய் சொல்லும், கை பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது என்பது பிடிக்கிறவர்களின் பாலபாடம். வந்தவன் காலை நீட்டிய கணத்தில் இவன் விழுந்து கணுக்காலை இரண்டு கையாலும் அள்ளினான். முகம் மணலில் புதைந்தது, பிடி விடவில்லை. மற்றவர்கள் மேலே வந்து விழுந்தார்கள். எழுந்தபோது கைதட்டு முழுவதும் கடைசியாக வந்து தள்ளியவனுக்குப் போயிற்று. இவன் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பினான்.

இந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு தூரம் போகலாம்? அமெரிக்காவில் இதே வேலைக்கு, அதாவது பந்தோடு வருபவனை மறித்து வீழ்த்துவதற்கு, கோடிக்கணக்கில் சம்பளம் உண்டு. இந்தியாவில் இப்போது ஏலம் உண்டு. இந்தத் துறைமுகத்தில் என்ன உண்டு? இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடுப்பாட்டக்காரரின் தொழில்வாழ்வைத் தீர்மானிப்பது அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பது மட்டுமல்ல, அவரை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான். கணக்கு, ஒப்பந்தம், வைத்தியம், ஆட்டத்துக்குப் பின் ஒரு வேலை. இந்த நான்கு கைகளில் எது நழுவினாலும் மனிதர் விழுந்துவிடுவார்.

கணக்கில் வராத வேலை

அமெரிக்கர் ஆடுவதை நாம் அமெரிக்க உதைபந்தாட்டம் என்று எழுதுகிறோம். உண்மையில் அதில் உதை அபூர்வம். அணிக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்துக் கெஜமாவது முன்னேற வேண்டும். அந்தப் பத்துக் கெஜத்தைக் கொடுக்காமல் இருப்பதே தடுப்பணியின் தொழில். முன்வரிசையில் மலைபோன்ற உடம்புக்காரர்கள் எதிரியின் சுவரை உடைப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் ஓடி வருபவனை மறிப்பார்கள், எறியப்படும் பந்தையும் கவனிப்பார்கள். பின்வரிசையினர் பந்து பிடிக்க ஓடுபவனோடு நிழல்போல் ஓடுவார்கள். பந்தை எறிய நிற்கும் நாயகனை, எறியுமுன் வீழ்த்திவிட்டால் அதற்கு ‘சாக்’ என்று பெயர்.

அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் டீக்கன் ஜோன்ஸ். 1961 முதல் 1974 வரை ஆடினார். ஆனால் என்.எப்.எல். எனப்படும் தேசிய உதைபந்தாட்ட லீக், ஒவ்வொரு வீரரின் சாக்கையும் உத்தியோகபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல்தான். ஆகவே அந்த வித்தைக்குப் பெயர் வைத்தவரின் பெயருக்கு நேரே உத்தியோகபூர்வக் கணக்கில் ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் துழாவி 173.5 என்று ஒரு தொகையைக் கண்டெடுத்தார்கள். ஆட்டம் முடிந்து பல பத்தாண்டு கழித்து வந்த கூலி அது. சாக்கை எண்ணத் தொடங்கிய அதே 1982இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருது யாருக்குப் போயிற்று தெரியுமா? வாஷிங்டன் அணிக்காகப் பந்தை உதைத்த மார்க் மோஸ்லிக்கு. உதை அபூர்வமான ஆட்டத்தில் உதைத்தவருக்கு விருது! அந்த விருதை வென்ற தடுப்பாட்டக்காரர்கள் இதுவரை இரண்டே பேர்: 1971இல் அலன் பேஜ், 1986இல் லோரன்ஸ் டெய்லர்.

கபடியின் விதிகளுக்குள்ளும் இதே சாய்வு இருக்கிறது. பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டு வந்தால் மூன்று புள்ளி. அவனை ஏழு பேர் சேர்ந்து அமுக்கினாலும் ஒரு புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் மட்டும் கூடுதலாக ஒன்று. தொழில்முறைப் போட்டிகளில் பாடுகிறவர் பத்துப் புள்ளி எடுத்தால் பாராட்டு, பிடிக்கிறவர் ஐந்து எடுத்தாலே அதே பாராட்டு. அந்த ஐந்து எவ்வளவு அரிது என்பதை அமைப்பாளர்களே ஒப்புக்கொள்வதுபோல. கடற்கரைப் பொடியனுக்குக் கைதட்டு தவறிப் போனது தற்செயல் அல்ல. பிடிப்பதைப் பார்ப்பதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும், எண்ணுவதற்கு ஓர் ஆளை உட்கார்த்த வேண்டும்.

உள்ளே போகும் வழி

அமெரிக்கப் பாதை நேரானது, ஆனால் ஒடுங்கியது. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், பிறகு லீக்கின் தெரிவு. பள்ளியை முடித்து மூன்று ஆண்டாவது கழிந்திருக்க வேண்டும். 32 அணிகள் ஏழு சுற்றுகளில் இளைஞர்களைப் பொறுக்குகின்றன. ஓர் அணியின் பட்டியலில் 53 பேருக்கே இடம். பல்கலைக்கழக அணிகளின் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அங்கேயே கழிந்துவிடுகிறார்கள்.

இந்தப் பாதைக்கு வெளியே பிறந்தவர் நுழைந்ததற்கு நல்ல உதாரணம் எஃபே ஒபாடா. நைஜீரியாவில் பிறந்தவர். சிறுவயதில் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டுக் கைவிடப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்தார். லண்டன் வொரியர்ஸ் என்ற கழகத்துக்காக ஐந்தே ஆட்டம் ஆடிய நிலையில் 2015இல் டல்லாஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டு வீரர்களுக்கென லீக் 2017இல் தொடங்கிய திட்டம் வழியாக கரோலைனா அணிக்குப் போனார். 2018இல் 53 பேரில் ஒருவரானார். அந்த ஆண்டே ஒரு வாரத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரராகவும் தெரிவானார். திறமை எங்கேயும் பிறக்கும். ஆனால் ஒரு கழகமும், ஒரு திட்டமும், மூன்று நான்கு ஆண்டு சோறு போட ஆளும் சேர்ந்தால்தான் அது தொழிலாகும்.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டம் வந்ததே இல்லையா? ஒருமுறை வந்தது. எலைட் ஃபுட்போல் லீக் ஒஃப் இந்தியா என்ற பெயரில் 2011இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு ஆடப்பட்ட லீக்கில் கொழும்பின் பெயரிலும் ஓர் அணி இருந்தது. றக்பி, கபடி, மெய்வல்லுநர் போட்டி என்று வெவ்வேறு களங்களிலிருந்து இளைஞர்களைத் திரட்டித் தலைக்கவசம் மாட்டினார்கள். முதலீட்டாளர்களில் ஒருவர் பிரண்டன் சில்லர், இந்தியத் தந்தைக்குப் பிறந்த அமெரிக்க லைன்பேக்கர். லீக் நிலைக்கவில்லை. பள்ளி மட்டத்தில் வேர் இல்லாத ஆட்டத்தை மேலிருந்து நட்டால் அது வெட்டி வைத்த பூதான்.

எத்தனை ஆண்டு?

சில்லரின் வாழ்வையே எடுத்துக்கொள்வோம். ஒரு சராசரி தடுப்பாட்டக்காரரைவிட நன்றாகவே அமைந்த வாழ்வு அது. 1982இல் லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 2004 தெரிவின் நான்காம் சுற்றில் சென் லூயிஸ் ராம்ஸ் எடுத்தது. நான்கு ஆண்டு அங்கே. 2008இல் கிரீன் பே பேக்கர்ஸ். 2009 டிசம்பரில் நான்கு ஆண்டு நீட்டிப்பு ஒப்பந்தம். காகிதத்தில் பார்த்தால் முப்பது வயது வரை கவலை இல்லை. 2010 பருவத்தின் நடுவில் காயப்பட்டோர் பட்டியலுக்குப் போனார். அந்தப் பருவத்தின் முடிவில், 2011 பெப்ரவரியில், அவருடைய அணி லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் போலை வென்றது. அவர் களத்தில் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் அணி அவரை விடுவித்தது. நீட்டிப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவர் லீக்கில் ஆடவில்லை.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த லீக்கின் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை முழு உத்தரவாதம் அற்றவை. பத்திரிகைத் தலைப்பில் வரும் பெரிய தொகை ஒன்று, கைக்கு நிச்சயமாக வருவது வேறொன்று. ஊர்ப் பாஷையில் சொன்னால் சீட்டுக்காசு மாதிரி, உங்கள் முறை வருமுன் சீட்டு உடைந்தால் போயிற்று.

சராசரி ஆயுள் எவ்வளவு என்பதில் இரண்டு கட்சி உண்டு. வீரர் சங்கம் 3.3 ஆண்டு என்கிறது. லீக் நிர்வாகமோ, முதல் ஆண்டிலேயே பட்டியலில் இடம் பிடித்தவரை மட்டும் எண்ணினால் ஏறத்தாழ ஆறு ஆண்டு என்கிறது. இரண்டும் பொய்யல்ல. யாரை எண்ணுவது, யாரை வாசலிலேயே விட்டுவிடுவது என்பதில்தான் வித்தியாசம். ஓய்வூதிய உரிமைக்கு மூன்று பருவம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதியோடு சேர்த்துப் படித்தால், அந்த 3.3 எவ்வளவு மெல்லிய கோடு என்பது விளங்கும்.

உடம்பு வைத்திருக்கும் கணக்கு

தடுப்பாட்டத்தின் மறுபக்கம் மூளையில் எழுதப்படுகிறது. பென்சில்வேனியாவில் நோயியல் மருத்துவராக இருந்த நைஜீரியரான பெனட் ஒமாலு, 2002இல் இறந்த முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் தொடர் அடிகளால் வரும் சிதைவு நோயைக் கண்டு 2005இல் வெளியிட்டார். 2011இல் சிகாகோ பெயர்ஸ் அணியின் பழைய பின்வரிசை வீரர் டேவ் டியூர்சன், தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். நோய் இருந்தது. 20 பருவம் ஆடிய லைன்பேக்கர் ஜூனியர் செயாவ் 2012இல் அதே முடிவுக்குப் போனார். அவருக்கும் நோய் இருந்தது. 2017இல் வெளியான பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில் 111 முன்னாள் என்.எப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் அந்தச் சிதைவு காணப்பட்டது. இந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. ஆகவே ஆடியவர் எல்லோருக்கும் இந்த விகிதம் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. ஆய்வாளர்களே அப்படித்தான் எச்சரித்தார்கள். ஆனாலும் லீக் அசைந்துகொடுக்க வேண்டியதாயிற்று. முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கின் இணக்கத்தை 2015இல் நீதிமன்றம் அங்கீகரித்தது.

கபடியில் தலைக்கு இவ்வளவு அடி இல்லை. அடி வாங்குவது முழங்கால், கணுக்கால், தோள். மூலையில் நிற்பவர் குனிந்து காலைப் பிடிக்கும்போது எதிரியின் முழு வேகமும் அவருடைய தோள்மூட்டில் இறங்குகிறது. மெத்தைத் தளத்தில் பாதம் பிடித்துக்கொள்ள உடல் திரும்பிவிட்டால் முழங்கால் நாண் அறும். அமெரிக்காவில் அந்த நாணுக்கு அறுவைச் சிகிச்சையும் ஓர் ஆண்டு சம்பளத்தோடு மீட்சியும் உண்டு. ஊர்க் கழகத்தில் ஆடுபவனுக்கு ஒரு போத்தல் நல்லெண்ணெயும் ஒட்டகப்புலத்து ஒடிவு முறிவு வைத்தியரும்.

சேரலாதன் என்ற விதிவிலக்கு

தமிழில் தொழில்முறைத் தடுப்பாட்டக்காரர் என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்தில் 1975இல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014 ஜூலையில் தொடங்கியபோது அவருக்கு வயது 39. அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர் ஓய்வூதியப் படிவம் நிரப்பும் வயதில் இவருடைய ஏல வாழ்வு ஆரம்பமாயிற்று. 2016இல் பட்னா பைரேட்ஸ் பட்டம் வென்றபோது அவரே தலைவர். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கிண்ணம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார்.

எப்படி முடிந்தது? உடல்கட்டு ஒரு காரணம், இடத்தைத் தெரிவு செய்யும் புத்தி இன்னொன்று. மூலையில் நிற்பவருக்கு வேகத்தைவிடக் கணிப்பு முக்கியம், கணிப்பு வயதோடு வளரும். ஆனால் மூன்றாவது காரணமே என் வாதத்துக்கு வேண்டியது. லீக் வருவதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்பிருந்தே இந்தியக் கபடிக்காரர்களை ரயில்வே, படைகள், பொலிஸ், பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்துத் தாங்கி வந்தன. ஏலப்பணம் அந்த அத்திவாரத்தின் மேல் வைத்த மாடி. மாடி இடிந்தாலும் வீடு நிற்கும்.

ஏலமும் பிடிக்கிறவர்களை மெல்ல மெல்ல மதிக்கக் கற்றது. 2018 ஏலத்தில் ஈரானின் ஃபசல் அத்ராசலி ஒரு கோடி ரூபாய்க்குப் போனார், அவர் முழுக்கத் தடுப்பாட்டக்காரர். இரண்டு பருவம் தமிழ் தலைவாஸ் அணிக்கு ஆடிய மன்ஜீத் சில்லர், அந்த லீக்கில் 300 பிடிப்புள்ளிகளை முதலில் எட்டியவர். அமெரிக்கச் சில்லருக்கும் இவருக்கும் பெயர் ஒன்று, தொழிலும் ஒன்று. ஒருவர் 28 வயதில் வெளியே, மற்றவர் முப்பத்தைந்தைத் தாண்டியும் மெத்தையில். இந்த வித்தியாசத்தில் ஆட்டத்தின் குணம் பாதி, தாங்கும் அமைப்பின் குணம் மீதி.

துறைமுகத்தின் கதவு

இனி நம்முடைய கடற்கரைக்கு வருவோம். இலங்கையிலும் விளையாட்டுக்காரரைத் தாங்கியது வேலைதான். தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் கழகங்கள் றக்பி முதல் கபடி வரை தேசிய மட்டத்தில் ஆடுகின்றன. நல்ல தடுப்பாட்டக்காரனுக்குச் சீருடையும் சம்பளமும் கிடைக்கும், காயப்பட்டால் படை வைத்தியசாலை, ஆட்டம் முடிந்தால் ஓய்வூதியம். இதைவிடப் பாதுகாப்பான ஒப்பந்தம் கிரீன் பேயிலும் இல்லை.

இதில் கொடுமையான வேடிக்கை, அந்தக் கடற்படையின் பெருந்தளம் இருப்பது எங்கள் வீட்டுக்குப் பின்னால். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்த நாள் முதல், டொக்யார்ட் மதிலுக்கு உள்ளே மைதானங்களும் பயிற்றுநர்களும் உண்டு. மதிலுக்கு வெளியே நின்ற தமிழ்ப் பொடியனுக்கோ, 1983 தொடங்கி 2009 வரையான போர்க்காலத்தில், அந்தக் கதவு பெயரளவுக்குத்தான் கதவு. நாட்டின் மற்றப் பகுதிகளில் ஒரு தலைமுறை விளையாட்டுக்காரருக்கு வாழ்வு கொடுத்த அமைப்பு, எங்கள் பகுதியில் சோதனைச்சாவடியாக நின்றது. கிண்ணியா, மூதூர், நகரம் என்று மாவட்டம் முழுக்க உதைபந்தாட்டப் பைத்தியம் உண்டு. மெக்கெய்சர் அரங்கின் ஓரத்தில் மான்கள் மேய, உள்ளே இறுதிப்போட்டிக்குச் சனம் நெரியும். ஆனால் ஒரு பின்கள வீரர் இருபத்தாறு வயதில் என்ன ஆனார் என்று கேட்டுப் பாருங்கள். கட்டார், குவைத், இல்லையென்றால் ஒரு கடை, அதிர்ஷ்டம் இருந்தால் உடற்கல்வி ஆசிரியர் நியமனம்.

அமெரிக்க விளையாட்டு இந்தத் துறைமுகத்துக்கு வராமலும் இல்லை. வந்தது தலைக்கவசத்தோடு அல்ல, அங்கியோடு. நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசுசபைத் துறவிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் திருகோணமலை, மட்டக்களப்புப் பள்ளிகளுக்கு வந்தார்கள். லூசியானாவின் ஜெனிங்ஸ் ஊரில் 1923இல் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார், இங்கே புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஊறிய மாநிலத்திலிருந்து வந்தவர் எங்கள் பொடியன்களுக்குக் கொடுத்தது கூடைப்பந்தை. ஒரு பந்து, இரண்டு வளையம், ஒரு சீமெந்துத் தளம் போதும் என்பதால் அது வேர் பிடித்தது. 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வெஸ்பாவில் வரும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞரோடு அவர் காணாமல் போனார். அவர் பழக்கிய அணிகளின் பெயர் இன்றும் கிழக்கில் சொல்லப்படுகிறது. பள்ளி என்ற கை ஒன்று இறுக்கமாகப் பிடித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் ஒரு சாட்சி, அந்தக் கை திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே.

வடகிழக்கிலிருந்து ஒருவர் வெளிநாட்டுக் கழகம் வரை போக முடியாது என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் ஆஸ்திரேலியா வரை போனார். கபடியில் கிழக்கு மாகாண இளைஞர்கள் தேசிய அணியில் இடம் பிடித்திருக்கிறார்கள், 2019 தெற்காசிய விளையாட்டு விழாவில் இலங்கை ஆண்கள் அணி வெள்ளி வென்றது. தமிழ்ப் பெயரோடு ஓர் அமெரிக்க உதைபந்தாட்டத் தடுப்பாட்டக்காரர் என்றாவது வருவாரானால், அவர் டச்சுபேயிலிருந்து அல்ல, கனடாவின் ஸ்காபரோ பள்ளி மைதானத்திலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். கனடிய லீக்கில் ஒவ்வோர் அணியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கனடியர் இருந்தாக வேண்டும் என்ற விதி அங்கே பிறந்த பிள்ளைக்கு ஒரு வாசல். இங்கே பிறந்த பிள்ளைக்கு அதுபோன்ற விதி எதுவும் எழுதப்படவில்லை.

நான்கு கைகள்

அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர்களில் நான் மிகவும் மதிப்பவர் அலன் பேஜ். 1971இல் அந்தப் பெரிய விருதை வென்றபின், மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டே சட்டம் படித்தார். 1978இல் பட்டம். 1981இல் ஆட்டத்தை விட்டார். 1993 முதல் 2015 வரை மினசோட்டா மாநில உயர்நீதிமன்றத்தின் நீதிபதி. ஆடிய காலம் பதினைந்து பருவம், நீதிபதி ஆசனத்தில் இருந்தது 22 ஆண்டு. அவர் லீக்கை நம்பியிருக்கவில்லை, தன்னைத் தாங்கும் கையைத் தானே கட்டிக்கொண்டார்.

எல்லோரும் அலன் பேஜ் ஆக முடியாது. ஆகவே கையை மற்றவர்கள் கட்ட வேண்டும். அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. மாவட்டச் சுற்றுப்போட்டிகளில் கோல் போட்டவர் பெயரோடு, பிடித்தவர், மறித்தவர் பெயரையும் எழுதும் ஒரு கொப்பி. கழகப் பதிவோடு சேர்த்து ஒரு சிறு காயக் காப்புறுதி. உயர்தரம் முடிக்காதவனை மாவட்ட அணியில் சேர்த்தால், முடிக்க வைக்கும் பொறுப்பையும் கழகமே ஏற்பது. துறைமுகத்திலும் அதைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் உள்ளூர் வீரருக்குச் சில இடங்கள். தஞ்சாவூர்க்காரரை 44 வயது வரை நிற்க வைத்தது இதைவிடப் பெரிய மந்திரம் எதுவும் அல்ல.

மறுநாளும் டச்சுபேக்குப் போனேன், இம்முறை ஒரு கொப்பியோடு. இடது மூலைக்காரன் ஆறு தடவை பாய்ந்தான், நான்கு பிடி நின்றது, இரண்டு நழுவியது. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவனிடம் பெயரைக் கேட்டேன்.

“எதுக்கு அங்கிள்?”

“எழுதத்தான்.”

கொப்பியை எட்டிப் பார்த்தான். நான்குக்கு நேரே விரலை வைத்து, “ஐஞ்சு” என்றான். “முதலாவதில கை என்ரதுதான் முதலில பட்டது.”

திருத்தி எழுதினேன்.